தலைகீழாக விழுந்த கோடும் பென்னாகரத்துக் குருவியும்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் சாலையோரத்தில், ஐப்பசி மாதக் காலையில், முட்புதருக்குள்ளிருந்து 'டக்… டக்…' என்று ஒரு சத்தம் வரும். இரண்டு கூழாங்கற்களை மெல்லத் தட்டினாற்போல இருக்கும். சத்தம் வந்த இடத்தை உற்றுப் பார்த்தால் இலை அசைவது மட்டும்தான் தெரியும். பொறுமையாகக் காத்து நின்றால் ஒரு விநாடி வெளியே வந்து தலைகாட்டிவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். மங்கிய பழுப்பு முதுகு, வெளிறிய வயிறு, ஒல்லியான அலகு. பெயர் பிளித் நாணல் கதிர்க்குருவி. எடை பத்துப் பன்னிரண்டு கிராம். இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களின் கனம்தான்.

இந்தக் குருவி தருமபுரி மண்ணில் பிறந்ததல்ல. ஃபின்லாந்திலிருந்து சைபீரியா வரை பரந்து கிடக்கும் வடபுலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர் வருமுன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்துவிடும் இனம் இது. பகலில் புதருக்குள் பூச்சி பிடிக்கும். நெடுந்தூரப் பயணத்தை இரவில் செய்யும். 2022ஆம் ஆண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காப்புக்காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைச் சேர்த்துக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது யானையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அதே காட்டின் ஓரப் புதர்களில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து தங்கும் இந்தச் சின்ன உயிர், வேதியியலின் மிக நுட்பமான கோட்பாடு ஒன்றோடு தொடர்புடையது.

இருட்டில் திசை எப்படித் தெரிகிறது? 1960களில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் வோல்ஃப்காங் வில்ச்கோ ஐரோப்பிய ராபின் குருவிகளைக் கூண்டில் வைத்துச் சோதித்தார். வலசைக் காலம் வந்துவிட்டால் கூண்டுக்குள் இருந்தாலும் அவை போகவேண்டிய திசையை நோக்கித் தாவிக்கொண்டே இருக்கும். வானமே தெரியாத அறையில், சுற்றிலும் கம்பிச்சுருள் அமைத்துக் காந்தப் புலத்தைத் திருப்பினார், குருவிகளும் திரும்பின. பூமியின் காந்தப் புலத்தைப் பறவை உணர்கிறது என்பது அன்று உறுதியானது. எந்த உறுப்பு அதை உணர்கிறது, எப்படி என்பது உறுதியாகவில்லை.

அங்கேதான் சிக்கல். தருமபுரியில் பூமியின் காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தம்கூட இதைப்போல நூறு மடங்கு வலுவானது. ஓர் எலக்ட்ரானின் மீது இந்தப் புலம் செலுத்தும் ஆற்றலைக் கணக்கிட்டால், அறை வெப்பத்தில் ஒரு மூலக்கூறு ஓயாமல் வாங்கிக்கொண்டிருக்கும் வெப்ப ஆற்றலில் 50 லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இவ்வளவு அற்பமான ஒன்று ஒரு வேதிவினையை இப்படியோ அப்படியோ திருப்ப முடியும் என்று சொன்னால் எந்த வேதியியல் ஆசிரியரும் ஒப்புக்கொள்ளமாட்டார். அப்படித் திருப்ப முடியும் என்று காட்டியவர்கள் பறவையைத் தேடிப் போனவர்கள் அல்லர். சோதனைக் குழாயில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தவர்கள்.

தனியாக நிற்கும் எலக்ட்ரான்

ஒகேனக்கல்லில் மீன் வறுத்த எண்ணெயை இரண்டு நாள் வெயிலில் வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயைத் தாக்கும்போது உண்டாகும் 'தனி உறுப்பு'கள் செய்யும் வேலை அது. மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாகவே இருக்கும். ஒரு பிணைப்பு அறுந்து, ஜோடியில் ஒன்று இந்தத் துண்டோடும் மற்றது அந்தத் துண்டோடும் போய்விட்டால், துணையிழந்த எலக்ட்ரானைச் சுமக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு தனி உறுப்பு. எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கும். ஆயுள் மிகக் குறைவு.

ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு நுண்காந்தம். அதன் காந்தத்தன்மைக்குக் காரணமான பண்பைத் தற்சுழற்சி என்கிறது இயற்பியல். ஒரே பிணைப்பில் இருந்த இரண்டு எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் எதிரெதிராக இருக்கும். அது 'ஒற்றை நிலை'. இரண்டும் இசைந்து நின்றால் அது 'மும்மை நிலை'. பிணைப்பு மறுபடி உருவாகவேண்டுமானால் ஒற்றை நிலை வேண்டும். மும்மை நிலையில் சந்திக்கும் இரண்டு துண்டுகளும் ஒட்டாமல் விலகிப் போய்விடும்.

இந்தத் தனி உறுப்புகளைப் பிடித்துப் பார்க்க எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு என்ற கருவி உதவுகிறது. வலுவான காந்தப் புலத்தில் மாதிரியை வைத்து நுண்ணலையைச் செலுத்தினால், எலக்ட்ரான்கள் அதில் கொஞ்சத்தை உட்கவரும். தாளில் ஒரு கோடு பதிவாகும். புலத்தின் போக்கில் நிற்கும் எலக்ட்ரான்களும் எதிர்த்து நிற்பவையும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில்தான் இருக்கும். வழக்கமான கருவியில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவான வித்தியாசமே இருக்கும். அந்தச் சின்ன மிச்சம்தான் கோடாகத் தெரிகிறது.

1963இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ரிச்சர்ட் ஃபெஸன்டனும் ராபர்ட் ஷூலரும் திரவ மீத்தேன்மீது எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, அதில் தோன்றும் ஹைட்ரஜன் அணுக்களைப் பதிவு செய்தார்கள். ஹைட்ரஜனுக்கு இரண்டு கோடுகள் வரவேண்டும். வந்தன. ஆனால் ஒன்று தலைகீழாக விழுந்திருந்தது. அந்தக் கோட்டுக்குரிய எலக்ட்ரான்கள் நுண்ணலையை உட்கவர்வதற்குப் பதிலாக உமிழ்ந்துகொண்டிருந்தன. மேல்படியில் இருக்கவேண்டியதைவிட அதிகக் கூட்டம், கீழ்ப்படியில் குறைவு. கணக்குப் புத்தகத்தின்படி இது நடக்கவே கூடாது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1967இல், அணுக்கருக்களிலும் இதே விநோதம் தெரிந்தது. ஜெர்மனியில் பார்கான், ஃபிஷர், ஜான்சன் ஆகியோர் பென்சாயில் பெராக்சைடைச் சூடாக்கிச் சிதையவிட்டு, அது சிதையும்போதே அணுக்கரு காந்த ஒத்ததிர்வுக் கருவியில் பார்த்தார்கள். முகப்பருவுக்கு மருந்துக்கடையில் தரும் களிம்பில் இருக்கிறதே, அதே பென்சாயில் பெராக்சைடுதான். சிதைவில் உண்டான பென்சீனின் கோடு தலைகீழாக விழுந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் வார்டு, லாலர் இருவரும் லித்தியச் சேர்மங்களின் வினையில் இதே காட்சியைக் கண்டார்கள். வினை முடிந்ததும் கோடுகள் நல்ல பிள்ளையாக நிமிர்ந்துகொண்டன.

அணுக்கருக்களில் இயல்பான வித்தியாசம் இன்னும் சிறியது. லட்சத்துக்கு ஒன்று இரண்டு மிச்சம் இருந்தால் பெரிது. வினை நடக்கும்போது அது நூற்றுக்கணக்கான மடங்கு பெருகியிருந்தது; சில வினைகளில் ஆயிரக்கணக்கான மடங்கு. யாரோ உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு அணுக்கருவாகப் பார்த்துப் பார்த்து அடுக்கியதைப் போல.

பெயர் நிலைத்தது, விளக்கம் நிலைக்கவில்லை

முதலில் சொல்லப்பட்ட விளக்கம் இதுதான்: தனி உறுப்பின் எலக்ட்ரான் தளர்ந்து சமநிலைக்கு வரும்போது பக்கத்திலிருக்கும் அணுக்கருவையும் புரட்டிவிடுகிறது. இப்படி நடப்பது வேறிடங்களில் தெரிந்த விஷயம்தான். அதை வைத்தே 'வேதிவினை தூண்டிய இயங்கு அணுக்கரு முனைவாக்கம்' என்று நீளமாகப் பெயர் சூட்டினார்கள். பெயர் இன்றுவரை இருக்கிறது. விளக்கம் இரண்டே ஆண்டுகளில் உதிர்ந்தது. ஒரே தனி உறுப்பிலிருந்து வந்த கோடுகளில் ஒன்று உமிழ்வாகவும் மற்றொன்று உட்கவர்தலாகவும் ஏன் இருக்கவேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

1969இல் அமெரிக்காவில் கெர்ஹார்ட் கிளாஸும், நெதர்லாந்தில் ராபர்ட் காப்டெய்ன், ஊஸ்டர்ஹாஃப் இருவரும் தனித்தனியாக ஒரே பதிலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு தனி உறுப்பை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. அறுந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து, ஓர் இணையாகப் பார்க்கவேண்டும் என்றார்கள். தனி உறுப்பு இணைக் கோட்பாடு பிறந்தது.

அதைப் புரிந்துகொள்ள ஒகேனக்கல் பரிசல்துறைக்கே போய்விடலாம்.

மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, அடியில் தார் பூசிய வட்டப் பரிசல். முன், பின் என்று எதுவும் கிடையாது. பரிசல்காரர் துடுப்பை ஒரு பக்கம் அழுத்தினால் தன்னைத்தானே சுற்றும். இரண்டு பரிசல்களை அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் விளிம்பில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். புறப்படும்போது ஒன்றின் துணி கிழக்கே, மற்றதன் துணி மேற்கே. அது ஒற்றை நிலை. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால், எத்தனை சுற்று சுற்றினாலும் துணிகள் எதிரெதிராகவே இருக்கும். ஒன்று கொஞ்சம் வேகமாகச் சுற்றினால், சிறிது நேரத்தில் இரண்டு துணிகளும் ஒரே பக்கம் பார்க்கும். அது மும்மை நிலை. இன்னும் சிறிது நேரம் போனால் மறுபடி எதிரெதிர். காந்தப் புலத்தில் எலக்ட்ரான்களின் நுண்காந்தங்களும் இப்படித்தான் சுற்றுகின்றன.

இனி விதி. பிரிந்த பரிசல்கள் நீரோட்டத்தில் அலைந்து மறுபடி நெருங்குகின்றன. அந்த நேரத்தில் துணிகள் எதிரெதிராக இருந்தால் மட்டும் இரண்டையும் கயிறு போட்டுக் கட்டலாம். ஒரே பக்கம் பார்த்தால் கட்ட முடியாது. தனித்தனியே ஆற்றோடு போய்விடும். ஆகவே எல்லாம் சுற்றும் வேகத்தின் வித்தியாசத்தில் இருக்கிறது. வேகத்தை இரண்டு சங்கதிகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, அந்தந்தத் தனி உறுப்பின் அமைப்பு. இதை 'ஜி-மதிப்பு' என்ற எண்ணால் குறிப்பார்கள். மற்றது, எலக்ட்ரானுக்குப் பக்கத்தில் இருக்கும் அணுக்கரு. அதுவும் ஒரு குட்டிக் காந்தம்தான். பரிசலில் ஒரு பயணி இடப்பக்கம் உட்கார்ந்தால் சுற்று கொஞ்சம் கூடும், வலப்பக்கம் உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும் என்பது போல. எலக்ட்ரானும் அணுக்கருவும் இப்படி ஒன்றையொன்று பாதிப்பதற்கு மீநுண் இடைவினை என்று பெயர்.

கரை சேர்ந்த பிறகு எண்ணிப் பார்த்தால் என்ன தெரியும்? கட்டப்பட்ட பரிசல்களில் பெரும்பாலும் வலப்பக்கத்துப் பயணிகள். ஆற்றோடு போனவற்றில் பெரும்பாலும் இடப்பக்கத்தார். யாரும் இடம் மாறி உட்காரவில்லை. மொத்தத்தில் இடமும் வலமும் ஆரம்பத்தில் இருந்த அதே எண்ணிக்கைதான். ஆனால் இரண்டு குவியலாகப் பிரிந்துவிட்டார்கள். யாரையும் புரட்டிப் போடாமல், சந்திப்பு நடக்கும் நேரத்தை வைத்தே வினை அணுக்கருக்களைத் தரம் பிரித்துவிடுகிறது. வலுவான காந்தப் புலத்தில் சுழற்சி முனைவாக்கம் உண்டாவதன் சாரம் இதுதான். ஆற்றல் எவ்வளவு அற்பமானது என்ற ஆட்சேபம் இங்கே அடிபட்டுப் போகிறது. மீநுண் இடைவினை எந்தப் பிணைப்பையும் உடைக்கவில்லை. சுற்றின் தாளத்தைக் கொஞ்சம் மாற்றுகிறது, அவ்வளவே.

நான்கு குறிகள்

கோட்பாடு சரியா என்று பார்க்க காப்டெய்ன் 1971இல் ஒரு சுருக்கமான விதியைக் கொடுத்தார். கூட்டல், கழித்தல் குறிகள் நான்கைப் பெருக்கவேண்டும். விடை கூட்டலாக வந்தால் உட்கவர்தல். கழித்தலாக வந்தால் உமிழ்வு, அதாவது தலைகீழ்க் கோடு. பள்ளிக் கணக்குத்தான்.

பென்சாயில் பெராக்சைடையே எடுத்துக்கொள்வோம். சூட்டில் அது உடைந்து, ஒரு பக்கம் கார்பன் டைஆக்சைடை இழந்து, ஃபீனைல் என்ற தனி உறுப்பும் பென்சாயிலாக்சி என்ற தனி உறுப்பும் ஓர் இணையாக நிற்கின்றன. முதல் கேள்வி: இணை எந்த நிலையில் பிறந்தது? சூட்டில் அறுந்தது, ஆகவே ஒற்றை நிலை, குறி கழித்தல். இரண்டாவது: நாம் பார்க்கும் பொருள் இணைக்குள்ளேயே சேர்ந்து உண்டானதா, தப்பிப் போனதிலிருந்து வந்ததா? தப்பிப் போன ஃபீனைல், கரைப்பானிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துப் பென்சீன் ஆனது, குறி கழித்தல். மூன்றாவது: ஃபீனைலின் ஜி-மதிப்பு துணையின் மதிப்பைவிடக் கூடுதலா, குறைவா? குறைவு, கழித்தல். நான்காவது: ஃபீனைலில் ஹைட்ரஜன் அணுக்கருவின் மீநுண் இடைவினையின் குறி கூட்டல். மூன்று கழித்தலும் ஒரு கூட்டலும் பெருக்கினால் கழித்தல். பென்சீன் கோடு தலைகீழாக விழவேண்டும். 1967இல் விழுந்தது அப்படித்தான்.

இரண்டாவது குறியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ஃபீனைலும் பென்சாயிலாக்சியும் தப்பிக்காமல் அங்கேயே கைகோத்தால் ஃபீனைல் பென்சோயேட் கிடைக்கும். குறி கூட்டலாகிறது, அதன் கோடு நிமிர்ந்து, இயல்பைவிட உயரமாக நிற்கவேண்டும். ஒரே இணை, இரண்டு முடிவுகள், இரண்டு எதிர்க் குறிகள்.

எலக்ட்ரான்களின் கதை இன்னொரு படி ஆழமானது. அணுக்கருக்களைப் பிரித்து வைப்பதற்கு வினை போதும். எலக்ட்ரான்களையே ஒரு பக்கம் சாய்க்க, சுற்று வேக வித்தியாசம் மட்டும் போதாது. 1970–71இல் ஃபிராங்க் ஏட்ரியன் இதற்கு வழி சொன்னார். இணை பிரிந்து தொலைவில் இருக்கும்போது ஒற்றை நிலையும் மும்மை நிலையும் கலக்கின்றன. பிறகு இரண்டும் மறுபடி நெருங்கும்போது, எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றையொன்று உரசும் தூரத்தில், பரிமாற்ற இடைவினை என்ற விசை குறுக்கிடுகிறது. கலந்த நிலையை அது ஒருபக்கச் சாய்வாக மாற்றிவிடுகிறது. ஒரு தனி உறுப்பில் மேல்நோக்கிய மிச்சம், துணையில் அதே அளவு கீழ்நோக்கிய மிச்சம். ஃபெஸன்டனும் ஷூலரும் கண்ட தலைகீழ்க் கோட்டுக்கு இதுவே விளக்கம் ஆயிற்று.

பிரிவது, அலைவது, திரும்பி வருவது: திரவத்துக்குள் இதற்கு ஒழுங்கான பாதை கிடையாது. சுற்றியிருக்கும் மூலக்கூறுகள் இடிக்க இடிக்கத் தள்ளாடி நகரும் நடை அது. அந்தத் தள்ளாட்டத்தையும் தற்சுழற்சியின் குவாண்டம் விதிகளையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்து, எவ்வளவு முனைவாக்கம் உண்டாகும் என்று எண்ணாகவே கணக்கிட்டுக் காட்டினார்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜாக் ஃப்ரீடும் பாய்டன் பெடர்சனும். 1970களின் முற்பகுதியில் வந்த அந்தக் கட்டுரைகள் இத்துறையின் அடித்தளக் கற்கள்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. தனி உறுப்புகளில் மீநுண் இடைவினையை அளந்த தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று 1955இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஃப்ரேங்கலுடன் பி. வெங்கட்ராமன் செய்தது. செமிகுயினோன் என்ற தனி உறுப்புகளின் கோடுகள் அணுக்கருக்களால் எப்படிப் பிளவுபடுகின்றன என்று காட்டியது அது. பின்னர் அவர் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் காந்த ஒத்ததிர்வுக் குழுவைக் கட்டி எழுப்பினார். அங்கேயே ரஞ்சன் தாஸ், ஒளி பட்டவுடன் தோன்றி மறையும் தனி உறுப்புகளின் எலக்ட்ரான் முனைவாக்கத்தை ஆராய்ந்தார். கொல்கத்தாவில் மிஹிர் சௌதுரி, சமிதா பாசு போன்றோர், ஒளிரும் கரைசல்களில் தனி உறுப்பு இணைகளைக் காந்தம் எப்படி மாற்றுகிறது என்பதை அளந்தார்கள்.

இரண்டு மூலக்கூறுகள், இரண்டு கட்டுரைகள், ஒரே ஆண்டு

1978இல் ஜெர்மனியின் கேட்டிங்கன் நகரில் கிளாஸ் ஷுல்டன், சார்லஸ் ஸ்வென்பெர்க், ஆல்பர்ட் வெல்லர் மூவரும் ஒரு துணிச்சலான யோசனையை எழுதினார்கள். பறவையின் உடலுக்குள் ஒரு தனி உறுப்பு இணை இருந்தால், அதன் வினை பூமியின் காந்தப் புலத்தில் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறும். பறவையின் திசைகாட்டி அதுவாகவே இருக்கலாம். அப்போது அதை நம்பியவர்கள் சொற்பம்.

அதே 1978இல் காப்டெய்ன் இன்னொரு வழியில் போனார். புரதக் கரைசலில் ஃப்ளேவின் என்ற மஞ்சள் சாயத்தைக் கலந்து லேசர் ஒளியைப் பாய்ச்சினார். ஒளி பட்ட ஃப்ளேவின், புரதத்தின் வெளிப்பரப்பில் இருக்கும் டிரிப்டோஃபேன் போன்ற அமினோ அமிலங்களிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்க, இணை உருவாகி, அந்த அமிலத்தின் கோடு மட்டும் எடுப்பாகத் தெரிந்தது. புரதம் எப்படி மடிந்திருக்கிறது, எந்தப் பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அறிய நல்ல வழி.

ஃப்ளேவின் என்பது வைட்டமின் பி-2வின் உறவு. பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போவதற்குக் காரணமான அதே குடும்பம். ஃப்ளேவினும் டிரிப்டோஃபேனும் சேர்ந்த இணை காப்டெய்னின் சோதனைக் குழாயில் இருந்தபோது, அதே ஜோடி குருவியின் கண்ணுக்குள்ளும் இருக்கக்கூடும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

2000ஆம் ஆண்டில் தோர்ஸ்டன் ரிட்ஸ், சலீ ஆடம், ஷுல்டன் மூவரும் கிரிப்டோகுரோம் என்ற புரதத்தைச் சுட்டிக்காட்டினார்கள். நீல ஒளியை உணரும் புரதம் அது, விழித்திரையில் இருக்கிறது. உள்ளே ஒரு ஃப்ளேவின், அதிலிருந்து புரதத்தின் மேற்பரப்பு வரை வரிசையாக நான்கு டிரிப்டோஃபேன்கள். நீல ஒளி ஃப்ளேவின்மீது பட்டதும் ஓர் எலக்ட்ரான், வாளி கைமாறுவது போல, டிரிப்டோஃபேன் வரிசையில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி ஃப்ளேவினைச் சேர்கிறது. இரு முனைகளிலும் துணையற்ற எலக்ட்ரான்கள். ஒரு தனி உறுப்பு இணை தயார். 2021இல் ஓல்டன்பர்க், ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ராபின் குருவியின் 'கிரிப்டோகுரோம்-4' புரதத்தை ஆய்வகத்தில் தயாரித்து, அது காந்தப் புலத்துக்கு இணங்குகிறது என்று காட்டினார்கள். வலசை போகாத கோழி, புறாவின் அதே புரதத்தைவிட ராபினுடையது அதிகம் இணங்கியது.

நேரக் கணக்கும் பொருந்துகிறது. 40 மைக்ரோ டெஸ்லா புலத்தில் ஓர் எலக்ட்ரான் விநாடிக்குச் சுமார் 11 லட்சம் முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோ விநாடி. பூமியின் புலம் ஏதாவது செய்யவேண்டுமானால் இணை அவ்வளவு நேரமாவது உயிரோடு இருக்கவேண்டும், அதன் தாளமும் கலையாமல் இருக்கவேண்டும். சூடான, ஈரமான ஒரு கண்ணுக்குள் குவாண்டம் தாளம் அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்குமா? மும்பை ஐஐடியில் விஷ்வேந்திர சிங் பூனியா, திபாங்கர் சாஹா, சுவரூப் கங்குலி போன்றோர் பறவைத் திசைகாட்டியை முன்வைத்து 2010களில் ஆராய்ந்த கேள்வி அது.

வடக்கு தெரியாத திசைகாட்டி

பறவையின் திசைகாட்டிக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. வோல்ஃப்காங், ரோஸ்விதா வில்ச்கோ தம்பதி 1972இல் அதைக் காட்டினார்கள். காந்த ஊசி வடமுனை எது, தென்முனை எது என்று சொல்லும். பறவைக்கு அது தெரியாது. காந்தக் கோடுகள் எந்தப் பக்கம் தரையை நோக்கிச் சரிகின்றன என்பதைத்தான் அது பார்க்கிறது. வடகோளத்தில் சரியும் பக்கம் துருவம். எழும்பும் பக்கம் நடுக்கோடு. இரும்புத் துகள் காந்தம் உடலில் இருந்து திசை காட்டினால் முனை தெரியவேண்டும். தனி உறுப்பு இணைக்கோ புலத்தின் முனை தெரியாது, சாய்வு மட்டும்தான் தெரியும். இரண்டும் இங்கே கச்சிதமாகப் பொருந்துகின்றன.

இதுதான் தருமபுரியை இந்தக் கதையில் தனி இடமாக்குகிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் காந்தக் கோடுகள் தரையோடு 66 பாகை சாய்ந்து செங்குத்தாக இறங்குகின்றன. தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிக் காந்த நடுக்கோடு ஓடுகிறது. 1963இல் இந்தியாவில் முதல் ராக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும், திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் அந்தக் கோடே காரணம். அங்கே காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். அதற்குச் சற்று வடக்கே இருக்கும் தருமபுரியில் சாய்வு பத்துப் பாகையை ஒட்டித்தான். பென்னாகரத்துப் புதரில் இறங்கும் கதிர்க்குருவி, வடபுலத்தில் பிறந்தபோது கண்ட செங்குத்துக் கோடுகள் ஏறக்குறைய படுத்துவிட்ட இடத்தில் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

கோடுகள் படுத்துவிட்டால் பறவை என்ன செய்யும்? 1992இல் வில்ச்கோ தம்பதி தோட்டக் கதிர்க்குருவிகளைச் சில நாள் கிடைமட்டப் புலத்தில் வைத்துவிட்டு, பழையபடி சாய்ந்த புலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதுவரை 'நடுக்கோட்டை நோக்கி' என்று தாவியவை, நடுக்கோட்டைக் கடந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு 'துருவத்தை நோக்கி' என்று மாறின. சாய்வு திசைக்கு மட்டுமல்ல, ஊருக்கும் அடையாளம். பிளித் குருவியின் நெருங்கிய உறவான ஐரோப்பிய நாணல் கதிர்க்குருவிகளில் வளையம் மாட்டிப் பதிவான ஏறக்குறைய 18,000 தகவல்களை அலசிய ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. பிறந்த இடத்தின் காந்தச் சாய்வை 'இங்கே நில்' என்ற பலகையைப் போல அவை பயன்படுத்துவதாக அது காட்டுகிறது.

கோட்பாட்டுக்கு இன்னொரு கடுமையான பரீட்சையும் நடந்தது. தற்சுழற்சிகளின் தாளத்தைக் கெடுக்கவேண்டுமானால், அந்தத் தாளத்துக்கு ஒத்த ரேடியோ அலை போதும். 2005இல் 1.315 மெகாஹெர்ட்ஸ் அலை ராபின்களின் திசையுணர்வைக் குலைத்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் எலக்ட்ரான் சுற்றும் தாளத்துக்கு ஒத்த எண் அது. ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் குருவிகள் எவ்வளவு முயன்றும் திசை காட்டவில்லை. மரக் குடில்களுக்கு உள்ளே அலுமினியத் தகடு பொதிந்து, தரையிணைப்புக் கொடுத்ததும் சரியாகக் காட்டின. நகரத்து மின்கருவிகளின் இரைச்சல்தான் குழப்பியிருந்தது என்று 2014இல் வெளியிட்டார்கள். ஃப்ளேவின் இணையின் மீநுண் இடைவினைகளைக் கணக்கிட்டால், 116 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள அலைகள் அதைப் பெரிதாகத் தொடக்கூடாது. கருந்தலைக் கதிர்க்குருவிகளை வைத்துச் சோதித்தார்கள். 75 முதல் 85 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலை குலைத்தது. 140க்கு மேற்பட்ட அலை குலைக்கவில்லை. எல்லை, கோட்பாடு சொன்ன இடத்தில் இருந்தது.

செல்போன் கோபுரம் சிட்டுக்குருவியை விரட்டியது என்ற பேச்சு தமிழ்நாட்டில் எங்கும் உண்டு. இந்தச் சோதனைகளை அதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. செல்போன் அலைகள் பல நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பவை. சிட்டுக்குருவி வலசை போகும் பறவையும் அல்ல. ஆய்வு சுட்டுவது தாழ்ந்த அதிர்வெண் இரைச்சலையும், இரவில் பறக்கும் குருவியையும்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. உயிருள்ள பறவையின் கண்ணுக்குள் அந்த இணை வேலை செய்வதை யாரும் நேரில் பிடித்துக் காட்டவில்லை. பழ ஈக்களும் காந்தத்தை உணர்கின்றன என்று முன்பு சொன்ன சோதனைகளைப் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது, 2023இல், எந்த விளைவும் கிடைக்கவில்லை. இணையின் மறுமுனையில் இருப்பது டிரிப்டோஃபேன்தானா, வேறொன்றா என்ற வாதமும் நடக்கிறது. ஆனால் கேள்விகள் எழுப்பப்படும் மொழி மாறிவிட்டது. ஜி-மதிப்பு, மீநுண் இடைவினை, ஒற்றை நிலை, மும்மை நிலை என்று 1969இல் சோதனைக் குழாய்க்காக எழுதப்பட்ட சொற்களிலேயே இன்று பறவையின் கண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள்.

சித்திரை பிறந்து, காவிரியில் நீர் வற்றி, பரிசல்துறைப் பாறைகள் வெளியே தெரியும் நேரத்தில் பென்னாகரத்துப் புதரில் 'டக், டக்' சத்தம் குறையத் தொடங்கும். ஏதோ ஓர் இரவில் குருவி கிளம்பிவிட்டிருக்கும். போகப் போகக் காந்தக் கோடுகள் நிமிர்ந்துகொண்டே வரும். தருமபுரியில் பத்துப் பாகையை ஒட்டி, டெல்லியின் மேலே நாற்பதைத் தாண்டி, சைபீரியக் காட்டில் எழுபதுக்கும் மேல். அந்தப் பயணம் முழுவதும் அதன் விழித்திரைக்குள் எலக்ட்ரான்கள் பிரிந்து, விநாடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் சுற்றி, மறுபடி சந்தித்துக்கொண்டே இருக்கும்.